அரை மாத்திரை

"வீட்ல மனுஷங்க சாப்பிடுற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

ஜிம்மி ஸ்டீல் மேசைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தான். டாக்டர் அவன் மேலுதட்டைத் தூக்கி, ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். ஈறு வெளுத்துப் போயிருந்தது. அழுத்திய இடத்தில் நிறம் திரும்பி வர நேரமெடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"நானாத்தான் குடுத்தேன் டாக்டர். என்னோட மூட்டுவலி மாத்திரை. நொண்டறானேன்னு பாவமா இருந்துது. யாரையும் கேக்கல."

அம்மா சொன்னது பொய். அவள் என்னைக் கேட்டாள். இரண்டு முறை ஃபோன் செய்து கேட்டாள். இரண்டு முறையும் நான்தான் கொடுக்கச் சொன்னேன்.

இது நடந்தது 2022 ஜூனில், செங்கல்பட்டில். அன்றைக்கு நான் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. டாக்டர் அம்மாவைப் பார்த்து, "படிச்சவங்க வீட்லயே இப்படிப் பண்றீங்களேம்மா" என்றபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற படித்தவள் நான். நான் ஜிம்மியின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

*

ஜிம்மி அப்பாவின் நாய். அப்பா வளர்ந்த வீட்டில் எந்த நாய் வந்தாலும் ஜிம்மி என்றுதான் பெயராம். வெள்ளை ஜிம்மி, செவலை ஜிம்மி, லாரியில் அடிபட்ட ஜிம்மி என்று அடையாளம் சொல்லுவார். அந்த வரிசையில் கடைசியாக, 2011இல், நண்பர் வீட்டிலிருந்து ஒரு லாப்ரடார் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு நாய் பிடிக்காது. சமையலறைக்குள் வரக்கூடாது, பூஜை அலமாரிப் பக்கம் வரக்கூடாது என்று எல்லை போட்டாள். ஜிம்மி அந்த இரண்டு எல்லைகளையும் எட்டு வருஷம் மதித்தான்.

2019இல் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் எல்லாம் கிளம்பிப் போன அன்று ராத்திரி ஜிம்மி முதல்முறையாகச் சமையலறைக்குள் போய் அம்மாவின் காலடியில் படுத்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் பெங்களூருக்குத் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

அம்மா அவனை வளர்த்த விதம் அவள் மனிதர்களை வளர்த்த அதே விதம்தான். காலையில் நெய் விட்டுப் பிசைந்த சாதம், மத்தியானம் தயிர்சாதம், நடுநடுவே மேரி பிஸ்கட். அவள் டீ குடிக்கும்போதெல்லாம் அவனுக்கும் இரண்டு பிஸ்கட். அவள் ஒரு நாளைக்கு ஐந்து முறை டீ குடிப்பவள். மூன்று வருஷத்தில் அவன் எடை 38 கிலோ ஆனது. பின்னங்கால்கள் மெல்ல மெல்ல உள்பக்கமாகச் சாய்ந்தன. வாசலில் மூன்று படி. முதலில் ஏறும்போது தயங்கினான். பிறகு இறங்கும்போதும் தயங்கினான். அப்புறம் படியின் உச்சியில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி உள்ளே வர ஆரம்பித்தான்.

"வயசாயிடுச்சு அவனுக்கு. என்னைப் போலவே" என்று அம்மா ஃபோனில் சொல்லுவாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இதைத்தான் முதல் தப்பு என்பேன். வயசு ஒரு நோய் கிடையாது. அவனுக்கு இருந்தது மூட்டுத் தேய்மானம். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, எலும்பின் ஓரங்களில் முள் போலப் புது எலும்பு வளர்கிற நிலை. லாப்ரடார்களுக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் வளரும்போதே சரியாகப் பொருந்தாமல் போவது சகஜம். அந்தப் பொருத்தமின்மை பத்து வருஷம் கழித்து இப்படி வந்து நிற்கும். நாய் கத்தாது. எழுந்திருக்க நேரமெடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். குழந்தைகள் பக்கத்தில் வந்தால் விலகிப் போகும். இதையெல்லாம் அம்மா பார்த்திருந்தாள். என்னிடம் சொல்லவும் சொன்னாள். "மந்தமா இருக்கான்" என்பதுதான் அதற்கு எங்களிடம் இருந்த வார்த்தை.

*

முதல் ஃபோன் வந்தபோது நான் ஒரு மீட்டிங்கின் நடுவில் இருந்தேன். மைக்கை மியூட் செய்துவிட்டு எடுத்தேன்.

"ஏன்டி, இவன் ராத்திரி பூரா முனகறான். என் மாத்திரைல பாதி குடுக்கட்டுமா?"

அம்மாவின் மாத்திரை எனக்குத் தெரியும். அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அட்டையைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பாள். நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அம்மா 62 கிலோ, அவளுக்கு ஒரு மாத்திரை. ஜிம்மி 38 கிலோ. அப்போது அவனுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கணக்கு சரி.

"அரை மாத்திரை குடும்மா. ஒண்ணும் ஆகாது."

மூன்றாம் நாள் மறுபடியும் ஃபோன். "வலி கேக்கலடி."

"அப்ப முழுசா குடு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஞாயித்துக்கிழமை நான் வரேன், டாக்டர்கிட்ட காட்டலாம்."

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. ஒரு ரிலீஸ் இருந்தது. எட்டாம் நாள் அம்மா கூப்பிட்டபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வாந்தி எடுக்கிறான். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. அன்று ராத்திரியே பஸ் ஏறினேன்.

*

தார் மாதிரிக் கறுப்பு என்றால் ரத்தம். வயிற்றிலோ சிறுகுடலின் மேல்பகுதியிலோ கசிந்த ரத்தம் செரித்து வெளியே வரும்போது அப்படித்தான் இருக்கும். ஜிம்மியின் ஹீமோகுளோபின் 7க்கு இறங்கியிருந்தது. நாய்க்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தது. மூன்று நாள் காலையிலிருந்து சாயந்திரம் வரை டிரிப்ஸ் ஏறியது. அமிலத்தைக் குறைக்க ஊசி. புண்ணின்மேல் படலம் மாதிரிப் படிந்து அதைக் காக்கிற ஒரு திரவ மருந்து. "இன்னும் ரெண்டு நாள் குடுத்திருந்தா குடல்ல ஓட்டை விழுந்திருக்கலாம்" என்றார் டாக்டர். அதையும் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

டிரிப்ஸ் ஏறுகிற நேரத்தில் நான் மரபெஞ்சில் உட்கார்ந்து ஃபோனில் படித்துக்கொண்டிருந்தேன். என் கணக்கு எங்கே தப்பியது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

இந்த வகை மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1971இல் கண்டுபிடித்தார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். உடம்பில் எங்காவது அடிபட்டால் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள் சுரக்கின்றன. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அந்தச் சுரப்பை இந்த மருந்துகள் தடுக்கின்றன. வலி குறைகிறது. ஆனால் அதே குடும்பத்துப் பொருட்கள்தான் இரைப்பையின் உள்சுவரைத் தன் சொந்த அமிலத்திடமிருந்து காப்பாற்றுகின்றன. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் அவை பார்த்துக்கொள்கின்றன. வலியை நிறுத்தும்போது இந்தக் காவலையும் சேர்த்து நிறுத்துகிறோம். மனிதர்களுக்கும் இதே ஆபத்துதான். நாய்களிடம் அது இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

எடையை வைத்துப் பாதி, கால் என்று பிரிப்பது ஏன் தப்பு என்பதற்கு நேப்ராக்ஸன் நல்ல உதாரணம். மனித உடம்பில் அந்த மருந்தின் அளவு பாதியாகக் குறைய அரை நாளோ கொஞ்சம் கூடவோ ஆகும். நாயின் உடம்பில் அதற்கு மூன்று நாள் வரை ஆகும். ஈரல் பித்தத்தோடு சேர்த்து அதைக் குடலுக்கு அனுப்பும். குடல் அதை உறிஞ்சி மறுபடி ரத்தத்துக்கே அனுப்பும். போன மருந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அடுத்த வேளை மாத்திரை அதன் தலையில் போய் உட்காரும். இப்யூபுரோஃபென் கூட நாய்க்கு விஷமாகிவிடக் கூடியது. நாய் என்பது நான்கு காலில் நடக்கிற 38 கிலோ மனிதன் என்று நான் போட்ட கணக்கில், அதன் ஈரலைக் கேட்கவே இல்லை.

*

ஜிம்மி பிழைத்தான். பதினைந்து நாளில் எழுந்து நடந்தான். ஆனால் வலி அப்படியேதான் இருந்தது. வயிறு ஆறும்வரை இந்த வகை மருந்து எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை நரம்பு வழியாக வரும் வலிக்குக் கொடுக்கிற காபாபென்டின். கூடவே இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார்.

முதலாவது எடை. "இவன் எடையைக் குறைக்கறதுதான் முதல் மருந்து. அதுக்கு சைடு எஃபெக்ட் கிடையாது." அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாக வைத்து நடத்திய ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஜோடியில் ஒன்று சாப்பிட்டதைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்களாம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2002இல் முடிவுகள் வெளியாகியிருக்கின்றன. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "நாய்க்குப் பட்டினி போட்டு ஆராய்ச்சியா?" என்றாள். ஆனால் நெய்யை நிறுத்தினாள். தயிர்சாதம் பாதியானது. மீதி இடத்தில் வேகவைத்த சுரைக்காயும் பீன்ஸும் தோல் நீக்கிய கோழியும் வந்தன. சுத்த சைவமான என் அம்மா, வாழ்க்கையில் முதல்முறையாகக் கோழி வேகவைத்தாள். கொல்லைப்பக்கம் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். மூக்கில் முந்தானை. பிஸ்கட்டுக்கு மட்டும் அவளால் மனசு வரவில்லை. ஒன்றை நாலாக உடைத்து, நாலு வேளை கொடுத்தாள்.

இரண்டாவது தரை. அப்பா ஆசைப்பட்டுப் போட்ட வழவழப்பான டைல்ஸ். ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் பின்னங்கால் வழுக்கி, விரிந்து, அந்த மூட்டிலேயே பாரம் விழுந்திருக்கிறது. மளிகைக்கடையிலிருந்து கோணிச் சாக்கு வாங்கி வந்து, கூடத்திலிருந்து வாசல் வரை ஒரு பாதை போட்டோம். முதல் நாளே அவன் அந்தப் பாதையைப் புரிந்துகொண்டான். சாக்கு இல்லாத இடத்தில் காலை வைப்பதே இல்லை. மூன்று வருஷமாக அவன் பயந்தது இந்தத் தரைக்குத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து, ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு டாக்டர் மெலோக்சிகாம் ஆரம்பித்தார். சிரப்பாக, ஊசிக்குழாயில் அளந்து, சாப்பாட்டோடு மட்டும். நாய்க்கு அது கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவில்தான் தினமும் போகும். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் மெலோக்சிகாம் மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். ஜிம்மி மாதிரி ஒரு நாய்க்கு 15 என்பது ஒரே வாயில் நாலைந்து நாள் மருந்து. பெயர் ஒன்றாக இருந்தாலும் வீட்டில் இருக்கும் அட்டையிலிருந்து எடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன். இதை வைத்து யாரும் வீட்டில் கணக்குப் போட வேண்டாம். கணக்குப் போட்டவள் சொல்கிறேன்.

டாக்டர் ஒரு விதியை அம்மாவுக்கு மனப்பாடமே செய்யவைத்தார். வாந்தி, பேதி, கறுப்பு மலம், சாப்பாட்டில் விருப்பமின்மை, இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டுப் பிறகு ஃபோன் செய்ய வேண்டும். ஃபோன் செய்துவிட்டு நிறுத்தக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ஸ்டீராய்டோ வேறு வலி மருந்தோ கூடச் சேரவே கூடாது.

பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ, அம்மா வீடியோ அனுப்பினாள். விடியற்காலை. பால்காரர் சைக்கிள் மணி. ஜிம்மி சாக்குப் பாதையில் நடந்து, வாசலுக்குப் போய், மூன்று படியையும் ஒவ்வொன்றாக இறங்கி, அவரைப் பார்த்துக் குரைத்தான். வீடியோவில் அம்மாவின் குரல் கேட்கிறது. "குரைடா ராஜா, குரை. நல்லாக் குரை."

*

அடுத்த ஜனவரி மாதப் பரிசோதனைக்கு நானும் போயிருந்தேன். எடை 31 கிலோ. கிரியாட்டினின் அளவுக்குள் இருந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். கிளம்பும்போது அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். முதலில் கையை ஊன்றினாள். பிறகு ஒரு நொடி நின்றாள். அப்புறம்தான் அடியெடுத்து வைத்தாள். டாக்டர் அதைப் பார்த்தார். ஜிம்மி எழுந்திருப்பதை எப்படிப் பார்ப்பாரோ, அதே மாதிரிப் பார்த்தார்.

"அம்மா இன்னும் அந்த மாத்திரை சாப்பிடறாங்களா?"

"தினமும்" என்றேன்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"கிட்னி டெஸ்ட் கடைசியா எப்ப எடுத்தீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்தாள். "எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

நாய்க்கு ஐந்து மாதத்தில் இரண்டு பரிசோதனை. தேதி, அளவு எல்லாம் என் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தன. அதே வகை மருந்தை ஆறு வருஷமாகச் சாப்பிடும் என் அம்மாவுக்கு ஒருமுறை கூட எடுத்ததில்லை. அன்று சாயந்திரமே லேபுக்குக் கூட்டிப்போனேன். சிறுநீரகம் தன் வேலையில் கணிசமான பகுதியை விட்டுவிட்டிருந்தது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாதவள். மருத்துவர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். "இனிமே இது வேண்டாம்மா." தேவைப்பட்டால் வெறும் பாராசிட்டமால், தொடைத் தசைக்கான பயிற்சி, எடையைக் குறைப்பது. நாய்க்குச் சொன்னதையேதான் அவருக்கும் சொன்னார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தினமும் காலையில் ஜிம்மிக்கு மெலோக்சிகாம் போகும். அம்மாவுக்குக் கிடையாது. அவன் படி இறங்கினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பயிற்சிக்குப் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆனது. அதுவரை வலி முழுசாக அவளுடையது. ஒருநாள் ராத்திரி ஃபோனில் கேட்டாள்.

"அவனுக்கு மட்டும் குடுக்கற. எனக்கு ஏன் குடுக்க மாட்டேங்கற?"

"அவனுக்கு டெஸ்ட் நல்லா இருக்கும்மா. உனக்கு இல்ல."

"நாளைக்கு அவனுக்கும் டெஸ்ட் கெட்டுப்போச்சுன்னா?"

நான் பேசவில்லை.

"அப்பவும் குடுப்ப. எனக்குத் தெரியும். அவனுக்கு ரெண்டு வருஷம், எனக்கு இருபது வருஷம்னு நீயா முடிவு பண்ணிட்ட. இருபது வருஷம் வலிச்சா யாருக்குடி அது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. டிவி சத்தத்துக்கு நடுவே, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் தூக்கம் போனது. அவள் சொன்னது சரிதான். ஜிம்மி விஷயத்தில் நான் வலியைப் பார்த்தேன். அம்மா விஷயத்தில் நான் ஆயுளைப் பார்த்தேன். அவள் இன்னும் நிறைய நாள் இருக்க வேண்டும் என்பது என் தேவை. அதற்கான விலையை அவள் முழங்கால் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் எடுத்த முடிவு மருத்துவப்படி சரி. இன்றைக்கும் அதையேதான் எடுப்பேன். ஆனால் முடிவெடுக்கும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜிம்மியைக் கேட்க முடியாது. அம்மாவைக் கேட்டிருக்கலாம்.

*

2023 ஜூலை முடிவில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். கால்நடைகளுக்கு அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும் மத்திய அரசு தடை செய்திருந்தது. காரணம் பாறு கழுகுகள். அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்த அதே பெயர் என்பதால் உட்கார்ந்து படித்தேன்.

தொண்ணூறுகளில் இந்தியாவில் பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் அழிந்துபோனது. ஏனென்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 2004இல், பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அது டைக்ளோஃபெனாக். வலியில் இருக்கும் மாட்டுக்கு அதைக் கொடுப்பார்கள். மாடு செத்தால் மருந்து சடலத்தில் இருக்கும். அதைத் தின்னும் பாறுவின் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழந்துவிடும். 2006இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. பாறுகளுக்கு ஆபத்தில்லாத மாற்று என்று பரிசோதித்து நிரூபிக்கப்பட்டது மெலோக்சிகாம். ஜிம்மி சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே மருந்து. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனால் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அதனால்தான் புதிய தடை.

பாறுகள் போனபின் தின்ன ஆளில்லாத சடலங்களால் தெருநாய்கள் பெருகின என்பதையும் படித்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பாறு என்றால் திருக்கழுக்குன்றம்தான். சின்ன வயசில் பாட்டியோடு மலை ஏறியிருக்கிறாள். உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் காத்திருப்பார். வானத்திலிருந்து இரண்டு வெள்ளைப் பறவைகள் இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். கழுகு என்று எல்லோரும் சொன்னாலும் அவை மஞ்சள்முகப் பாறு. பல வருஷமாக அவை வருவதில்லை. அவை ஏன் வருவதில்லை என்பதற்கு இந்த மருந்துதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா வேறு ஒன்று சொன்னாள்.

"மாட்டுக்கு வலிக்குதேன்னு பாவப்பட்டுத்தானே குடுத்திருப்பாங்க."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

*

அக்டோபரில் ஜிம்மியின் கிரியாட்டினின் ஏறத் தொடங்கியது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம். நிறுத்தினால் சிறுநீரகம் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் நடக்க மாட்டான். அளவைக் குறைத்தோம். ஒரு வாரத்தில் அவன் படியின் உச்சியில் நின்று திரும்பி வர ஆரம்பித்தான். இந்த முறை நான் முடிவெடுக்கவில்லை. அம்மாவைக் கேட்டேன்.

"எத்தனை நாள்னு அவனுக்குத் தெரியுமா? இன்னிக்கு வலிக்குதா இல்லியான்னுதான் தெரியும். குடுத்துடு" என்றாள்.

டாக்டர் ஒரு வழி சொல்லித்தந்தார். தினமும் காலண்டரில் ஒரு குறி. நல்ல நாளுக்குச் சுழி, கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. அவனாக எழுந்தானா, சாப்பிட்டானா, வால் ஆட்டினானா என்று பார்த்துப் போட வேண்டும். பெருக்கல் குறிகள் சுழிகளை மிஞ்சினால் அவரைக் கூப்பிட வேண்டும். மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டரில், முருகன் படத்துக்குக் கீழே, அம்மா சிவப்புப் பேனாவால் போட்டாள். நவம்பர் முழுக்கச் சுழி. டிசம்பர் கடைசி வாரத்தில் நான்கு பெருக்கல் குறிகள். 2024 ஜனவரியில் பொங்கலுக்கு முந்தைய வாரம் அவன் சாக்குப் பாதையில் பாதி தூரம் வந்து படுத்துவிட்டான். பால்காரர் மணியடித்தார். தலையை மட்டும் தூக்கினான்.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். வாசலில், வெயில் விழும் இடத்தில், அம்மாவின் மடியில் தலை. அம்மா ஒரு முழு மேரி பிஸ்கட்டை, உடைக்காமல், அவன் வாயருகே வைத்தாள். அதை நக்கினான். முதல் ஊசியில் தூங்கினான். இரண்டாவது ஊசிக்கு அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

டாக்டரைத் தெருமுனை வரை கொண்டுவிடப் போனேன். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யப் போனவரை நிறுத்திச் சொன்னேன்.

"அன்னிக்கு மாத்திரை குடுக்கச் சொன்னது நான்தான் டாக்டர். அம்மாவா குடுக்கல."

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஃபோன்ல யாரோ சொல்லியிருப்பாங்கன்னு அப்பவே நெனச்சேன். 'காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு'ன்னு சொன்னாங்க உங்கம்மா. தானா குடுக்கறவங்க அப்படிக் குடுக்க மாட்டாங்க. ஒண்ணு குடுத்துட்டுப் பயந்து நிறுத்திடுவாங்க." பிறகு, "அம்மா முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

*

இப்போது அம்மா 57 கிலோ. கிரியாட்டினின் இன்னும் கூடவில்லை. தொடைப் பயிற்சியை டிவி பார்த்துக்கொண்டே செய்கிறாள். சாக்குகளை எடுக்க விடவில்லை. "எனக்கும் வழுக்காம இருக்கு" என்கிறாள். வலி போகவில்லை. குறைந்திருக்கிறது என்கிறாள்.

அதை எவ்வளவு நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் முன்னால் எனக்காகப் பொய் சொன்னவள் அவள். அதனால் அவளையும் காலண்டரில் குறி போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் திட்டினாள். "நான் என்ன ஜிம்மியா?" இப்போது போடுகிறாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவேன்.

"இன்னிக்கு என்னம்மா?"

"சுழிதான்."

"நேத்து?"

"நேத்தும் சுழிதான். எல்லாம் சுழிதான் போ."

"சரி, வீடியோவை ஆன் பண்ணு. கூடத்திலேர்ந்து வாசல் வரைக்கும் நடந்து காட்டு."

அவள் ஃபோனை டிவி மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, கையை ஊன்றி எழுந்திருக்கிறாள்.